பட்டணத்தில் உத்தியோகம்

(வாசகசாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்டிருக்கும் விஷயம் சென்னைக்குப் போய் வேலை தேடுவதைப் பற்றியதாகும். இதைப் பேச நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நாம் முதலாளியுமல்ல, வேலை கொடுக்கும் அதிகாரியுமல்ல. ஒரு பெட்டியையும் சர்ட்டிபிகேட் கட்டையும் தூக்கிக்கொண்டு எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கி, பதினான்கு மாத காலம் வேலையில்லாமல் அலைந்தோம் என்பதைத் தவிர நமக்கு வேறு யோக்கியதை கிடையாது. அந்தப் பதினான்கு மாதத்தில் நாம் கற்றதில் பாதி, முன்னமே யாராவது சொல்லியிருந்தால் ஒரு வாரத்தில் தெரிந்திருக்கக்கூடிய சங்கதிகள். ஆகவேதான் பேச ஒப்புக்கொண்டோம்.

இங்கு வரும் வழியில் தேரடிச் சுவரில் ஒரு நோட்டீஸைப் பார்த்தோம். "உத்தியோகத் தடை நீங்க விசேஷ ஹோமம்" என்று பெரிய எழுத்திலும், அதற்கு இவ்வளவு ரூபாய் என்று சின்ன எழுத்திலும் போட்டிருக்கிறது. அதைப் படித்துக்கொண்டிருந்தவர் ஒரு தகப்பனார். மகன் பட்டணத்தில் மூன்று வருஷமாகப் பரீட்சைக்குப் படிக்கிறானாம், ராசி சரியில்லையாம், இந்த வருஷம் குரு பெயர்ந்ததால் நல்லது நடக்குமென்று ஜோசியர் சொன்னாராம். அவர் பரியாசத்துக்குரியவரல்ல. பெற்ற வயிறு பதறுகிறது. பதறுகிறவனிடம்தான் பணம் பிடுங்க முடியும் என்று தெரிந்தவன் நோட்டீஸ் ஒட்டுகிறான்.

தோழர்களே! கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2024-ல் நமது தேர்வாணையம் நான்காம் தொகுதிப் பரீட்சை நடத்திற்று. கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் முதலிய வேலைகள். முதலில் அறிவித்த இடங்கள் 6,244. பின்னால் சிலவற்றைக் கூட்டினார்கள். விண்ணப்பம் போட்டவர்கள் சுமார் இருபது லட்சம். பரீட்சை எழுதியவர்கள் பதினைந்து லட்சத்துக்கும் மேல். இந்தப் பதினைந்து லட்சம் பேரும் பன்னிரண்டு ராசிகளில் பிறந்தவர்கள்தானே? ஒரு ராசிக்கு ஏறக்குறைய ஒன்றேகால் லட்சம் பேர். "இந்த வருஷம் விருச்சிக ராசிக்கு உத்தியோகப் பிராப்தி" என்று பத்திரிகையில் எழுதினால், அந்த ஒன்றேகால் லட்சம் பேருக்கும் நாற்காலி எங்கேயிருந்து வரும்? அறிவித்த 6,244 இடங்களையும் விருச்சிகத்துக்கே எழுதி வைத்துவிட்டு, மற்றப் பதினொரு ராசிக்காரர்களும் வீட்டுக்குப் போங்கள் என்று கிரகங்களே சொன்னாலுங்கூட, விருச்சிகத்தில் இருபது பேருக்கு ஒருவருக்குத்தான் வேலை. பாக்கிப் பத்தொன்பது பேருக்கு ஜோசியம் பொய்! ஆனால் அந்தப் பத்தொன்பது பேரும் ஜோசியரிடம் போய்ச் சண்டை பிடிக்க மாட்டார்கள், நமக்குத்தான் அதிர்ஷ்டமில்லை என்று போய்விடுவார்கள். வேலை கிடைத்த ஒருவர் மாத்திரம் தட்டில் பழம் வைத்துக்கொண்டு வருவார். இப்படிப்பட்ட வியாபாரம் உலகத்தில் வேறொன்று உண்டா?

ஆகையால் வேலை கிடைக்காதது தலையெழுத்துமல்ல, பையன் மட்டி என்பதற்கு அத்தாட்சியுமல்ல. அறிவித்த இடத்தை வைத்துப் பார்த்தால், பரீட்சை எழுதிய இருநூற்று நாற்பது பேருக்கு ஓர் இடம். இருநூற்று முப்பத்தொன்பது பேர் வெறுங்கையோடு திரும்பித்தான் ஆகவேண்டும். அவர்கள் எல்லோரும் முட்டாள்களா? இதைத் தகப்பன்மார்கள் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு தூரம் சொல்லுகிறோம்.

திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் நம்மோடு ஒரே அறையில் ஒரு வாலிபர் இருந்தார். நல்ல படிப்பாளி. மூன்று பொங்கலுக்கு அவர் ஊருக்குப் போகவில்லை. ரயிலுக்குப் பணமில்லாமலல்ல, தெருவில் இறங்கினால் திண்ணைக்குத் திண்ணை "வேலை ஆச்சா?" என்று கேட்பார்களே என்றுதான். நான்காவது வருஷம் அவருடைய தாயாருக்கு உடம்பு சரியில்லாமல் போய், அப்போது போனார். போய்ச் சேருவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. சாவு வீட்டிலுங்கூட ஒரு பெரியவர் அவரைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டாராம். அந்தப் பெரியவர் நல்ல எண்ணத்தோடுதான் கேட்டிருப்பார். ஆனாலும், தோழர்களே, இந்தக் கேள்வியை ஒரு வருஷத்திற்கு நிறுத்தி வைத்தால் இந்த ஊருக்கு என்ன நஷ்டம்?

பரீட்சை எழுத வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பிற்படுத்தப்பட்டவர்களும் தாழ்த்தப்பட்டவர்களும் சர்க்கார் உத்தியோகத்தில் நுழைந்த வழி எப்படி உண்டாயிற்று என்பது உங்களுக்குத் தெரியும். 1921-ல் முதல் வகுப்புவாரி உத்தரவு பிறந்தது; அது காகிதத்திலேயே கிடந்தது. 1927-ல் பிறந்து மறு வருஷம் அமுலுக்கு வந்த உத்தரவுதான் பன்னிரண்டு இடங்களைப் பங்கு போட்டது: பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் கிறிஸ்தவரும் சேர்ந்து 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. அந்த ஒன்றைப் பார்த்துக்கூட "தகுதி போச்சு" என்று அழுதவர்கள் இருந்தார்கள்! 1951-ல் கோர்ட்டு அதைத் தள்ளிற்று. அதே வருஷம் அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டிவந்தது. இன்று 69 சதவிகிதம் என்பது 1994-ம் வருஷச் சட்டத்தின் பேரில் நிற்கிறது. இவ்வளவு பாடுபட்டுத் திறந்த கதவை நாம் ஏன் விடவேண்டும்? எழுதுங்கள். ஆனால் எத்தனை தடவை எழுதுவது என்று முதல் தடவை உட்காரும்போதே ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். எழுதுகிற காலத்தில் கையில் ஏதாவது ஒரு சம்பளமும் இருக்கட்டும். நமக்கு வயது வரம்பைத் தளர்த்தியிருப்பது நியாயமே. அதற்காக முப்பத்தைந்து வயது வரையில் அறைக்குள் அடைந்து கிடக்க வேண்டுமென்று அதற்கு அர்த்தமல்ல.

இனி, சர்க்கார் வேலை என்பது பட்டணத்தில் உள்ள வேலைகளில் ஒரு சிறு பங்குதான். 1958-ல் கிண்டித் தொழிற்பேட்டை, அதற்குப் பின் அம்பத்தூர், 1990-களின் கடைசியில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் மோட்டார்த் தொழிற்சாலை, 2000-ல் தரமணி டைடல் பூங்கா, அதையொட்டிப் பழைய மகாபலிபுரம் ரோடு நெடுகக் கண்ணாடிக் கட்டடங்கள் என்று பட்டணம் வளர்ந்ததெல்லாம் பெரும்பாலும் தனியார் வேலையைக் கொண்டுதான். அங்கே வகுப்புவாரி உரிமை கிடையாது. "அங்கே திறமைதான் பேசும்" என்று சொல்லுகிறார்கள். உண்மையில் பேசுவது எது என்பதைப் பார்ப்போம்.

2007-ல் சுக்தேவ் தோரட், பால் அட்டவெல் என்ற இரண்டு அறிஞர்கள் ஒரு சோதனை செய்து வெளியிட்டார்கள். தனியார் கம்பெனிகள் பத்திரிகையில் செய்த வேலை விளம்பரங்களுக்கு ஒரே மாதிரிப் படிப்பு, ஒரே மாதிரி அனுபவம் உள்ள விண்ணப்பங்களை எழுதி அனுப்பினார்கள். வித்தியாசம் பெயரில் மாத்திரம். ஒன்று மேல்ஜாதி என்று தெரியக்கூடிய பெயர், ஒன்று தாழ்த்தப்பட்டவர் என்று தெரியக்கூடிய பெயர், மற்றொன்று முஸ்லிம் பெயர். நான்காயிரத்துக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள். முடிவு என்ன? மேல்ஜாதிப் பெயருக்குக் கூப்பிட்டனுப்பும் வாய்ப்பு மூன்று பங்கு என்று வைத்துக்கொண்டால், தாழ்த்தப்பட்டவர் பெயருக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு ஏறக்குறைய ஒரு பங்கு. ஆளை யாரும் பார்க்கவில்லை; பேச்சைக் கேட்கவில்லை; பெயரைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். 1929-ல் செங்கற்பட்டு மகாநாட்டில் ஜாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து வெட்ட வேண்டும் என்று தீர்மானம் செய்தபோது, "பெயரில் என்ன இருக்கிறது?" என்று கேலி செய்தவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்ட வேண்டும். நம் நாட்டில் வாலை வெட்டிவிட்டதால் காகிதத்தைப் பார்த்து ஜாதி கண்டுபிடிப்பது கொஞ்சம் கஷ்டமாயிற்று. ஆனால் நேரில் கூப்பிட்டு, "சொந்த ஊர் எது? ஊரில் எந்தத் தெரு? அப்பா என்ன செய்கிறார்?" என்று கேட்டுக் கண்டுபிடிக்கிறார்கள். நம்மையும் ஓர் இடத்தில் அப்படிக் கேட்டார்கள். இந்த வேலைக்கும் எங்கள் தெருவுக்கும் என்ன சம்பந்தம் என்று நாம் திருப்பிக் கேட்டோம். வேலை கிடைக்கவில்லை, அதில் நமக்கு இன்றுவரை வருத்தமுமில்லை. ஆனால் பசியோடிருக்கிற பையன் அப்படித்தான் கேட்க வேண்டுமென்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

இதைவிடப் பெரிய கதவு ஒன்று இருக்கிறது. அதற்கு இப்போது "ரெஃபரல்" என்று பெயர். கம்பெனியில் முன்னமே இருப்பவர் ஒருவருடைய பெயரைச் சொல்லி, அவருக்கு வேலை கிடைத்துவிட்டால் சொன்னவருக்குச் சன்மானமும் உண்டு. நம் பாட்டன் காலத்தில் இதைச் சிபாரிசு என்பார்கள். அப்போது வெட்கப்பட்டுக்கொண்டு கொல்லைப்புறமாகச் செய்தார்கள், இப்போது சன்மானம் வைத்து வாசலிலேயே செய்கிறார்கள். தெரிந்தவரைச் சொல்லுவதில் தவறென்ன என்று கேட்பீர்கள். தவறில்லை. ஆனால் உள்ளே தெரிந்தவர் யாருக்கு இருப்பார்? எவனுடைய சித்தப்பன் உள்ளே இருக்கிறானோ அவனுக்கு இருப்பார். 2010 முதல் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இஞ்சினியரிங் படிப்பில் சர்க்கார் சம்பளச் சலுகை தருகிறதே, அந்தச் சலுகையில் படித்த பையனுக்கு உள்ளே யார் இருப்பார்? குடும்பத்திலேயே அவன்தானே முதல்! படிக்க வைத்தாயிற்று, வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டாயிற்று, வாசலில் நிற்பவன் "உன்னை இங்கு யாருக்குத் தெரியும்?" என்று கேட்கிறான்.

அதற்கு நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இந்த வாசகசாலையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். இவ்வூரிலிருந்தும் சுற்றுப்பட்டிலிருந்தும் போய்ப் பட்டணத்தில் வேலை பார்ப்பவர்களின் பெயர், வேலை, கம்பெனி, டெலிபோன் நம்பர் எல்லாம் அதில் இருக்கிறது. கொத்தனார் முதல் கம்ப்யூட்டர் வேலைக்காரர் வரை இன்றைக்கு முப்பத்தொரு பேர். தங்கள் இடத்தில் ஆள் தேவையென்று தெரிந்தால் இங்கே சொல்லுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இந்த நோட்டைப் பார்த்த ஒரு கனவான், "இதில் ஜாதிக்கு ஒரு கலம் இல்லையே, நம்மவன் யார் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டார். பெயர் எழுதியிருக்கிறவனெல்லாம் நம்மவன்தான் என்றோம். அவருக்குத் திருப்தியில்லை, தம் மகன் பெயரை எழுதாமலே போய்விட்டார். ஜாதிச் சங்கத்து நோட்டில் எழுதியிருப்பார்போலும்.

இனி மோசக்காரர்களைப் பற்றி. மாடிப்படி ஏறினால் ஒரு சிறு அறை, ஒரு மேஜை, சுவரில் பெரிய கம்பெனிகளின் சின்னங்கள். "பதிவுக் கட்டணம்" என்பான், "பயிற்சிக் கட்டணம்" என்பான், "லேப்டாப்புக்கு முன்பணம்" என்பான். நாமும் ஓரிடத்தில் கொடுத்து ஏமாந்தோம். மறு மாதம் போனபோது அந்த அறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வேலை செய்கிறவனுக்குத்தான் கூலி கொடுப்பார்கள்; வேலை செய்யப் போகிறவனிடம் கூலி கேட்கிறவன் திருடன். இதில் விதிவிலக்கு வேண்டாம். அசல் சர்ட்டிபிகேட்டைக் காட்டலாம், ஒருவரிடமும் ஒப்படைத்துவிட்டு வரக்கூடாது. ஒப்படைத்தவன் வேலையை விட நினைத்தாலும் விட முடியாமல் கிடப்பான். வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போய், மியான்மரில் மியாவாடி என்னுமிடத்தில் சிறைபோல் அடைபட்ட தமிழ் வாலிபர்களை 2022-ல் மீட்டுக்கொண்டுவர வேண்டியிருந்தது என்பதும் ஞாபகமிருக்கட்டும்.

படிக்க இடமில்லை என்று மாதம் ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டாம். எழும்பூரில் கன்னிமாரா நூலகம் 1896 முதல் இருக்கிறது. கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், நம் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிப்பதற்கென்றே தனியிடம் உண்டு. காசு கேட்பதில்லை, உன் ஜாதி என்ன, நீ சைவமா என்றும் கேட்பதில்லை. வாடகை வீட்டுக்காரர்தான் அதைக் கேட்கிறார். "சைவர்களுக்கு மட்டும்" என்று பலகை தொங்கும் வீட்டின் முன்னால் நாம் நின்றிருக்கிறோம். சோறு சமைக்கிற சட்டிக்குள் ஜாதியைத் தேடுகிற ஊரைத்தான் நாகரிகப் பட்டணம் என்கிறோம்.

இன்னொரு விஷயம். 2019-ல் கோயமுத்தூர் மாநகராட்சியில் 549 துப்புரவுப் பணியாளர் இடங்களுக்கு ஏறக்குறைய 7,000 இஞ்சினியர்களும் பட்டதாரிகளும் டிப்ளமோக்காரர்களும் விண்ணப்பம் போட்டார்கள். ஆரம்பச் சம்பளம் 15,700 ரூபாய்; நிரந்தர வேலை. உடனே பத்திரிகைகளெல்லாம் "ஐயோ, பட்டதாரி துடைப்பம் பிடிப்பதா!" என்று அலறின. நாம் கேட்கிறோம், அதுவரை அந்தத் துடைப்பத்தைப் பிடித்தவர்கள் யார்? தலைமுறை தலைமுறையாக ஒரே கூட்டத்தாரின் பிள்ளைகள் பிடித்தபோது ஏன் ஒரு பத்திரிகையும் அலறவில்லை? பட்டதாரி செய்தால் அவமானம், அவர்கள் செய்தால் அது அவர்கள் தொழிலா? இந்தப் புத்திதான் நம் வாலிபர்களையும் கெடுக்கிறது. ஐ.டி.ஐ.யில் வெல்டிங்கும் எலக்ட்ரிக்கல் வேலையும் படித்தவன் பட்டணத்தில் அதிக நாள் சும்மாயிருந்து நாம் பார்த்ததில்லை. ஆனால் கை அழுக்காகிற வேலை என்றால் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று அவனை இஞ்சினியரிங் காலேஜில் தள்ளினோம். அப்படித் தள்ளித் தள்ளி, ஒரு காலத்தில் இந்நாட்டில் அந்தக் காலேஜுகள் ஐந்நூறைத் தாண்டின. உட்கார்ந்து செய்வது உயர்ந்தது, குனிந்து செய்வது தாழ்ந்தது என்பது மநு போட்ட கணக்கு; அதை நாம் ஏன் நம் வீட்டில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்?

"வடநாட்டான் வந்து வேலையைப் பிடுங்கிக்கொண்டான்" என்று ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். அவன் பிடுங்கவில்லை. குறைந்த கூலிக்கு, தகரக் கொட்டகையில் பன்னிரண்டு பேரை அடைத்து வைத்து வேலை வாங்கலாமென்று மேஸ்திரி கூட்டிக்கொண்டு வருகிறான். 2014 ஜூனில் மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தார்களே, அதில் ஆந்திராக்காரனும் ஒரிசாக்காரனும் தமிழனும் ஒரே இடிபாட்டில்தான் கிடந்தார்கள். 1921-ல் பெரம்பூர்ப் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளிகளும் மற்றவர்களும் பிரிந்து, புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன. அதில் தொழிலாளி எவனாவது லாபம் அடைந்தானா? முதலாளிக்குத்தான் வேலை சுலபமாயிற்று. அந்த வடநாட்டானுக்கும் நம் கூலியே கிடைக்கும்படி செய்தால், அவனைக் கூட்டி வருவதில் மேஸ்திரிக்கு லாபமிருக்காது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பெண்ணைப் பட்டணத்துக்கு அனுப்பப் பயப்படுகிறீர்கள். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலையில் 2006 முதல் ஆயிரக்கணக்கான பெண்கள், பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள், கம்பெனி பஸ்ஸில் போய் வந்து வேலை செய்தார்கள். அவர்களுக்கு ஆபத்து பட்டணத்திலிருந்து வரவில்லை. 2014 நவம்பரில் கம்பெனி கதவைச் சாத்தியபோதுதான் வந்தது. வேலை போனதும் பல வீடுகளில் முதலில் பேசிய பேச்சு என்ன? "அதான் வேலை போச்சே, கல்யாணத்தை முடித்துவிடலாம்" என்பது. ஆணுக்கு வேலை போனால் வேறு வேலை பார் என்கிறோம். பெண்ணுக்குப் போனால் மாப்பிள்ளை பார்க்கிறோம். பேட்டியில் "எப்போது கல்யாணம்?" என்று அதிகாரி கேட்பதைக் கண்டிக்கிற நாம், வீட்டில் அதையே கேட்டால் எப்படி?

நேரமாகிவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்று சொல்லி முடிக்கிறோம். நோட்டில் பெயருள்ள ஒரு தோழர் அம்பத்தூரிலிருந்து நேற்று டெலிபோன் செய்தார். லிப்டு பழுது பார்க்கும் இடத்தில் இரண்டு பேர் வேண்டுமாம். எலக்ட்ரீஷியன் வேலை படித்திருந்தால் போதும், முன் அனுபவம் தேவையில்லையாம். முதல் மாதம் தங்கத் தம் அறையிலேயே இடம் தருவதாகவும் சொல்லுகிறார். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் கலைந்ததும் மேடைக்கு இடது பக்கம் வாருங்கள். ஆணும் வரலாம், பெண்ணும் வரலாம். சர்ட்டிபிகேட் நகல் போதும். அசல் வீட்டிலேயே இருக்கட்டும்.